அடைப்புக்குறிக்குள் மூன்று

மே 2

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். பிரஷர் மாத்திரை ஃபிரிட்ஜுக்கு மேலே நீல டப்பாவில் இருக்கிறது. காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு.

பத்து நாளாகப் போன் அடிக்கிறீர்கள். நான் எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. நீங்கள் பேச ஆரம்பித்தால் நான் 'ம்' கொட்டுவதோடு சரி. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஒரு வாக்கியத்தையாவது முற்றுப்புள்ளி வரை கொண்டுபோன ஞாபகம் எனக்கில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் இனி எதுவானாலும் எழுதுங்கள்.

'ஏன் போனாளாம்?' என்று உங்கள் அக்கா மூலம் கேட்டனுப்பியிருக்கிறீர்கள். ஒன்றும் தெரியாத மாதிரி கேட்பதில் உங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சரி, எழுதியே வைக்கிறேன்.

ஏப்ரல் இருபதாம் தேதி நம் டியூஷன் ஹாலில் பெற்றோர் கூட்டம், பிள்ளைகளும் வந்திருந்தார்கள். பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு நீள்வட்டத்தின் மையத்தைக் கண்டுபிடித்து வரையச் சொல்லியிருந்தார்கள். நம் பிள்ளைகள் நூற்றுப் பன்னிரண்டு பேரும் அதை ஒரே மாதிரி தப்பாகப் போட்டிருந்தார்கள். இருபத்தாறு பேர் அதனாலேயே தேறவில்லை. ஒரு அப்பா எழுந்து நின்று கேட்டார்: "வெளியில படிச்ச பிள்ளைங்க எல்லாம் சரியா போட்டிருக்கு. இங்க படிச்சதுங்க மட்டும் எப்படி சார் சொல்லிவச்ச மாதிரி தப்பா போடும்? யாரு தப்பு இது?"

நான் பக்கத்து அறையில் மாதிரித் தாள்களுக்கு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் உங்கள் குரல் வந்தது. "அந்தப் பாடத்தை எழுதினது என் வீட்டுக்காரிங்க. நம்பி அச்சுக்குக் குடுத்துட்டேன்."

ஸ்டேப்ளரைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்தேன். ஹாலில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. நீங்கள் மட்டும் மைக்கின் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தீர்கள்.

அந்தப் புத்தகம் எட்டுப் பதிப்பு கண்டாயிற்று. பாராட்டு வந்தபோதெல்லாம் அது மாஸ்டர் புத்தகம், உங்கள் புத்தகம். தப்பு வந்த அன்றைக்குத்தான் எழுதியவள் நான் என்று வெளியே தெரிந்தது. அதுவும் பொய்யாகத் தெரிந்தது. அந்தத் தப்பை நான் எழுதவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதே ஹாலில், அதே பெற்றோர், பிள்ளைகள் முன்னால் எழுந்து நின்று, அது உங்கள் தப்பு என்று சொல்லுங்கள். சொன்ன அன்றைக்கே வருகிறேன்.

உங்கள் மனைவி


மே 6

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு அநேக ஆசிகள்.

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை சிரிப்பு வந்துவிட்டது. கோர்ட்டில் கொடுக்கிற வாக்குமூலம் மாதிரி தேதி போட்டு, சாட்சி வைத்து எழுதியிருக்கிறாய்! புருஷனுக்கு எழுதும் லட்சணமா இது?

நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. துணி துவைக்கும் மெஷின் தண்ணீரை வெளியே துப்புகிறது. பால் இரண்டு நாள் பொங்கி வழிந்தது, அடுப்பைத் துடைக்கத் துணி எங்கே என்று தெரியவில்லை. மாத்திரை கிடைத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த மனிதர் அத்தனை பேர் நடுவில் கையை நீட்டிக் கேட்கிறார். அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். உனக்கு என்ன நஷ்டம்? நீ மைக் முன்னால் நிற்கிறவள் இல்லை. நாளைக்கே நீ ஹாலுக்குள் வந்தாலும் யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. என் பெயர் போனால் ஹால் காலி. ஒரு குடும்பத்தில் ஒருவர் அடி வாங்கும்போது மற்றவர் கொஞ்சம் முதுகைக் காட்டுவது இல்லையா? இதை நீ தியாகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒத்தாசையாக எடுத்துக்கொள்.

ஜூன் 23 மறுதேர்வு. அந்த இருபத்தாறு பேருக்கும் தனி வகுப்பு எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டேன். நோட்ஸ் நீதான் எழுத வேண்டும். உனக்கு மாதிரி எனக்குப் படம் வராது, அது உனக்கே தெரியும். வீம்பை விட்டு வண்டி ஏறு. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
உன் கணவன்


மே 11

அன்புள்ள உங்களுக்கு,

மெஷினின் பின்பக்கக் குழாய் கழன்றிருக்கும். கையாலேயே திருகி இறுக்குங்கள். அடுப்புத்துணி, சிங்க்குக்குக் கீழே வாளியில்.

எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

நான் எழுதிய பாடத்தில் இரண்டு பக்கம் இருந்தது. மையம் ஆதிப்புள்ளியை விட்டு நகர்ந்துபோன வளைவுகளைப் பற்றியது. அதில் சூத்திரம் எதுவும் வைக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தேன்: எந்த இடத்துக்குப் போனால் இந்த அடைப்புக்குறி பூஜ்யமாகும்? x-க்கு ஒரு தடவை கேள், y-க்கு ஒரு தடவை கேள். கிடைப்பதுதான் மையம். பரவளையமானால் முனை. எந்த வேஷத்தில் வந்தாலும் இந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எட்டாம் பதிப்புக்குப் புரூஃப் வந்தபோது நீங்கள் அந்த இரண்டு பக்கத்தையும் சிவப்பு மையால் குறுக்கே அடித்தீர்கள். "இவ்ளோ யோசிக்க பசங்களுக்கு எங்க நேரம்? ஒரு வரியில குடு." அந்த இடத்தில் கட்டம் போட்டு உங்கள் வரியை வைத்தீர்கள்: 'அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணின் குறியை மாற்று.' ஹாலில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளையும் கோஷம் போட வைத்தீர்கள். நீங்கள் "எண்ணின் குறியை?" என்பீர்கள். அவர்கள் "மாத்து! மாத்து!" என்பார்கள். தெரு முனை வரைக்கும் கேட்கும்.

நான் அன்றைக்கே சொன்னேன். "x மைனஸ் மூணுன்னு வந்தா உங்க வித்தை பலிக்கும். மூணு மைனஸ் x-ன்னு திருப்பிப் போட்டுக் கேட்டா?" என்றேன். "எந்த மடையன் அப்படிக் கேப்பான்?" என்றீர்கள்.

கேட்டுவிட்டார்களே.

(3 − x)²/25 + (y + 2)²/16 = 1. மூன்றுக்கு முன்னால் குறி இல்லை, அதாவது பிளஸ். உங்கள் பிள்ளைகள் விசுவாசமாக மாற்றினார்கள். மைனஸ் மூன்று. மையம் இருக்க வேண்டியது (3, −2). நூற்றுப் பன்னிரண்டு பேரும் (−3, −2)இல் வைத்து, அழகாக, ஒருவர் கூட நடுங்காமல், முழு நீள்வட்டத்தையும் ஆறு கட்டம் இடதுபுறம் தள்ளி வரைந்தார்கள். x-க்கு மூன்றைப் போட்டுப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். போட்டுப் பார்க்கச் சொல்லித் தருவதைத்தான் நீங்கள் அடித்துவிட்டீர்களே!

நான் எழுதிய சரியை எடுத்துவிட்டு, நீங்கள் எழுதிய தப்புக்கு என்னைக் காட்டினீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே வேலை கணக்கு. அது தெரியாதவள் என்று ஊரைக் கூட்டிச் சொன்னால் எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது? இதுதான் நஷ்டம். போதுமா?

இங்கே நிலம் அளக்கும் ஒரு சர்வேயர் அம்மாவிடம் வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். மகளிர் விடுதியில் அறை, இரண்டாம் மாடி, கடைசி. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி. எனக்கு அதுவே போதும்.

நோட்ஸ் எழுத மாட்டேன். உங்கள் தப்பை என் கையாலேயே மூடி மறைக்கச் சொல்லாதீர்கள்.

உங்கள் மனைவி


மே 15

டீச்சரம்மாவுக்கு,

ரொம்பத்தான் எழுதியிருக்கிறாய். எனக்கே நீள்வட்டம் சொல்லிக் கொடுக்கிறாய்! நான் கரும்பலகை முன்னால் நிற்க ஆரம்பித்தபோது நீ பள்ளிக்கூடப் பையோடு போய்க்கொண்டிருந்தாய், மறந்துவிடாதே.

ஒரு கேள்வி எசகுபிசகாக வந்தது. அதற்காக இருபது வருஷம் நான் சேர்த்த பெயரை நானே மைக் பிடித்துக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? எந்த ஆம்பிளை செய்வான்? உங்கள் அப்பா செய்திருப்பாரா?

அந்த இரண்டு பக்கம், இரண்டு பக்கம் என்று புலம்புகிறாய். என் வீட்டில் உட்கார்ந்து, என் புத்தகத்துக்கு எழுதியது. அது என்னுடையது. அதை வேறு எங்கேயாவது, யாருக்காவது கொடுத்தாய் என்று தெரிந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன் கேள். அந்த இரண்டு பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய்: நீள்வட்டத்தை எங்கே நகர்த்தினாலும் அதன் நீளமும் அகலமும் மாறாது, இருக்கும் இடம்தான் மாறும் என்று. நீ எந்த ஊரில் போய் எந்த மாடியில் உட்கார்ந்தாலும் என் மனைவிதான். இது நான் சொல்வதில்லை, கணக்கு சொல்கிறது.

தனி வகுப்புக்கு இருபத்தாறில் ஒன்பது பேர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ.

மெஷின் சரியாகிவிட்டது.

உன் கணவன்


மே 26

அன்புள்ள உங்களுக்கு,

கணக்கைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அது சொல்வதை முழுதாகக் கேளுங்கள்.

வடிவம் மாறாது என்பது உண்மை. ஆனால் நகர்ந்துபோன வளைவுக்குச் சமன்பாட்டை இரண்டு விதமாக எழுதலாம். பழைய ஆதிப்புள்ளியிலிருந்தே அளந்துகொண்டிருந்தால் அடைப்புக்குறிக்குள் ஒரு மூன்று, ஒரு இரண்டு என்று ஏதாவது ஒட்டிக்கொண்டே இருக்கும். அச்சுகளையே புது மையத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அந்த ஒட்டெல்லாம் உதிர்ந்துபோகும். நான் இரண்டாவதைச் செய்துகொண்டிருக்கிறேன். இங்கே சர்வேயர் அம்மா ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் முதல் காரியமாக, எந்தக் கல்லிலிருந்து அளந்தோம் என்று எழுதச் சொல்கிறார். எழுதாத வரைபடத்தில் கையெழுத்துப் போட மாட்டார். பதினோரு வருஷம் உங்களிடமிருந்து அளந்தேன் என்பதை நான் எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

வராத பதினேழு பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் வண்டியில் நேற்று இங்கே வந்தார்கள்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. நம் ஹாலில் முன் பெஞ்சில் இருப்பாளே, நீங்கள் 'கேள்விக்குறி' என்று பட்டம் வைத்த பெண், அவள் எப்படியோ விசாரித்துக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டாள். கையில் உங்கள் புத்தகத்தின் ஏழாம் பதிப்பு. அவள் அண்ணனுடையது. என் இரண்டு பக்கமும் அதில் அப்படியே இருந்தன. "மிஸ், பழசுல இருக்கு, புதுசுல இல்ல. இதை எழுதினது நீங்கதானே? புதுசுல இருக்கறது உங்க பேச்சு மாதிரியே இல்லையே" என்றாள்.

அவளிடமிருந்து புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கங்களைப் புரட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் எழுதுகிறேன். மைக் பிடித்துச் சொன்ன பொய்யை ஒரு பிள்ளை நடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

விடுதி வார்டன் ஞாயிறு காலை பத்திலிருந்து ஒன்று வரை சாப்பாட்டுக்கூடத்தைக் கொடுத்திருக்கிறார். நேற்று முதல் வகுப்பு, மற்றவர்களை அவளே கூட்டிவந்தாள். மேஜைகளை ஒதுக்கி, பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டோம். பலகை சர்வேயர் அம்மாவுடையது. தரையெல்லாம் கிராஃப் தாள். "மாத்து" என்று யாராவது சொன்னால் அவர்கள் எழுந்து நின்று, எதை, ஏன் என்று சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரம் பாதி வகுப்பு நின்றுகொண்டிருந்தது. பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

அந்த இரண்டு பக்கத்தையும் எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். சும்மா இருக்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். இருக்காதீர்கள். செய்வதைச் செய்யுங்கள்.

உங்கள் மனைவி


ஜூன் 2

அன்புள்ள உனக்கு,

இந்த வாரம் தனி வகுப்புக்கு இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் தன் குடையை மறந்து வைத்துப்போனவன். எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கோபமாக எழுத உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்தாயிற்று. இது ஐந்தாவது.

நீ புரூஃபில் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. 'திருப்பிப் போட்டால்?' என்று நீ கேட்டபோதே உள்ளே சுருக்கென்றது. ஆனால் அட்டையில் 'மாஸ்டரின் ஒரு வரி வழி' என்று போட்டு விளம்பரம் கொடுத்தாயிற்று. உன் பேச்சைக் கேட்டு நிறுத்தினால் அச்சகத்துக்காரன் முன்னால் நான் என்னவாக நிற்பது? இதுதான் உண்மை. இதை உன்னைத் தவிர யாருக்கும் எழுத மாட்டேன்.

இன்று காலை ஆறரை மணிக்கு ஹாலுக்குப் போனேன். மைக்கை முன்னால் வைத்தேன். ஆன் பண்ணவில்லை. "அந்தப் பாடத்தைக் கெடுத்தது நான். அவ எழுதினது சரி" என்று சொன்னேன். நன்றாகவே வந்தது. பெருக்க வந்த அம்மா எட்டிப் பார்த்து, "யார்கிட்ட சார் பேசறீங்க?" என்றாள். "பாடம் ஒத்திகை பாக்கறேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன். ஹாலில்தான் சொன்னேன். இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாதா?

உன்னுடைய,
நான்


ஜூன் 5

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை அழுதுகொண்டே படித்தேன், 'ஒத்திகை பாக்கறேன்' என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டி, எல்லாம் சரிதானே என்று கேட்டாள்.

ஆனால் முடியாது. எடுத்துக்கொள்ள முடியாது. காலி பெஞ்சுகள் முன்னால் என்னைக் குற்றம் சொல்லவில்லை நீங்கள். காலி பெஞ்சுகள் முன்னால் சொல்வது செல்லவும் செல்லாது.

இந்த அளவுக்கு எழுதியதே உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்காது என்று தெரியும். அதனால் வழியைக் கொஞ்சம் சின்னதாக்கித் தருகிறேன். பெற்றோர் வேண்டாம், மைக் வேண்டாம், ஹால் வேண்டாம். ஜூன் 15 ஞாயிறு, மறுதேர்வுக்கு முன் கடைசி வகுப்பு. இருபத்தாறு பேரும் வருகிறார்கள். அதிகம் அடிபட்டவர்கள் அவர்கள்தான். வாருங்கள். பின் பெஞ்சில் உட்காருங்கள். உங்களுக்குத் தோன்றும்போது எழுந்து ஒரு வரி சொல்லுங்கள். உங்களுக்குத்தான் ஒரு வரி வழி பிடிக்குமே.

நான் எதுவும் கேட்க மாட்டேன், ஜாடை காட்ட மாட்டேன். இதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன், இதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மனைவி


ஜூன் 9

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

வருகிறேன். காலை வண்டி. சாம்பல் நிறச் சட்டை இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். என்ன சொல்வது என்று எழுதியும் வைத்துவிட்டேன், சட்டைப் பையில் இருக்கும்.

உன்னுடைய,
நான்


ஜூன் 16

உங்களுக்கு,

வண்டி கிடைத்து வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

நீங்கள் உள்ளே வந்தபோது இருபத்தாறு பேரும் எழுந்து, "குட் மார்னிங் சார்" என்றார்கள். உட்காரச் சொல்லிவிட்டு நேராகப் பின் பெஞ்சுக்குப் போனீர்கள். அதிபரவளையம் ஒன்றை நகர்த்திக்கொண்டிருந்தேன். நீங்கள் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை நான் மட்டுமில்லை, பிள்ளைகளும் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் யாரும் நோட்டை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு எழுந்தீர்கள். நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். வகுப்பே திரும்பி உங்களைப் பார்த்தது. காகிதத்தை எடுத்தீர்கள், பிரித்தீர்கள், பார்த்தீர்கள், மடித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"அந்த மூணைக் கொஞ்சம் பெருசா எழுதினா பின்னால இருக்கறவங்களுக்குத் தெரியும்."

உட்கார்ந்துவிட்டீர்கள்.

அது நியாயமான பேச்சுதான். மூன்று சின்னதாகத்தான் இருந்தது. அழித்துப் பெரிதாக எழுதினேன். கோபத்தில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. திரும்பிப் பார்த்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது.

பிள்ளைகளும் அந்தப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண், வகுப்பில் இதுவரை வாயே திறக்காதவள், சொன்னாள்: "மிஸ், சார் சொல்ல வந்தது எங்களுக்குத் தெரியும். தப்பு யாருதுன்னும் தெரியும். நீங்க அடுத்த கணக்கைப் போடுங்க."

போட்டேன். ஒரு மணிக்கு முடிய வேண்டிய வகுப்பு இரண்டு வரை போனது. இருபத்தாறு பேரும் சரியாகப் போட்டார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்டது இனி எனக்கு வேண்டாம். எனக்காக நீங்கள் சொல்லி யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை இப்போது இல்லை. அது உங்களுக்காக வேண்டுமானால் எப்போதாவது சொல்லிக்கொள்ளுங்கள். ஒன்பதாம் பதிப்பில் என் பக்கங்களைப் போடக் கூடாது. அவை என் புத்தகத்தில் வரும். சர்வேயர் அம்மா அச்சகம் பார்த்திருக்கிறார். மறுதேர்வு முடிந்ததும் ஜூலையிலிருந்து இதே கூடத்தில் வகுப்பு தொடரும். வார்டனிடம் சொல்லியாயிற்று.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நேற்று நீங்கள் அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் மத்தியான வண்டியில் உங்களோடு வந்திருப்பேன். சனிக்கிழமையே பெட்டி கட்டி, அறை வாடகையை முடித்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே தயாராக வைத்திருந்தேன். பிள்ளைகள் போன பிறகு மேலே வந்து பெட்டியைத் திறந்தேன். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

இப்படிக்கு,
கணக்கு டீச்சர்